எர்னஸ்டீன் எனக்கு ஏன் சொல்லிக்கொடுத்தாள்

இலவசமாகக் கிடைக்கும் எதையும் நான் முகர்ந்து பார்க்காமல் வாங்குவதில்லை. அதனால்தான் எர்னஸ்டீன் டாலிவர் ஒரு நாள் மத்தியானம் தன் சாண்ட்விச்சைப் பிரித்தபடியே, வரலாற்றுப் பரீட்சைக்கு உனக்கு நான் சொல்லித் தருகிறேன் என்றபோது, இவளுக்கு இதில் என்ன ஆதாயம் என்றுதான் முதலில் யோசித்தேன். இரண்டாவதாக யோசித்ததும் அதையேதான்.

விஷயம் இதுதான். மிசிசிப்பியில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் அவளும் நானும் பத்தொன்பது வருடமாக அடுத்தடுத்த மேஜை. எங்கள் சூப்பர்வைசர் வில்மா ஓய்வு பெறப்போகிறாள். ஆஸ்பத்திரியை ஜாக்சன் நகரத்துக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்ததும் வராததுமாக, சூப்பர்வைசராக வருபவருக்கு இரண்டு வருடக் கல்லூரிப் பட்டமாவது இருக்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள். எனக்கு ஒரே ஒரு பாடம் பாக்கி. வயிற்றில் பிள்ளையோடு நான் படிப்பை விட்ட காலத்தில் விட்டுப்போன அமெரிக்க வரலாறு. இப்போது வகுப்புக்கே போகாமல், கல்லூரியில் ஒரு தேர்வு மட்டும் எழுதித் தேறினால் அந்தப் பாடத்துக்கு க்ரெடிட் கொடுத்துவிடுகிறார்கள். தவறினால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள்.

அந்த வேறு ஒருத்தி எர்னஸ்டீன்தான். அவளும் படிப்பைப் பாதியில் விட்டவள்தான், ஆனால் இதே பரீட்சையைப் போன வசந்தத்தில் யாரிடமும் சொல்லாமல் எழுதித் தேறி, பட்டத்தையும் வாங்கிவிட்டாள். அது ஃப்ரேம் போட்டு அவள் மேஜையில் நிற்கிறது. நான் தோற்றால் அவளுக்குப் போட்டியே கிடையாது. இப்படி இருக்கிறவள் எனக்கு எதற்குச் சொல்லித்தர வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வெள்ளை, அவள் கறுப்பினம். எங்கள் ஊரில் இதைச் சொல்லாவிட்டால் எந்தக் கதையும் புரியாது, சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

ராத்திரிச் சாப்பாட்டில் என் கணவர் ராய்ஸிடம் சொன்னேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் அப்படி வைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"சும்மா எவளாவது சொல்லித் தருவாளா? தப்புத் தப்பா சொல்லிக் குடுத்து உன்னைக் குழியில தள்ளப் போறா, பாத்துக்க" என்றார்.

நான் நினைத்ததையே அவரும் சொன்னதால் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் மறுநாள் எர்னஸ்டீனிடம் சரி என்று சொன்னேன். நாற்பத்தைந்து வயதில் தனியாகப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் போகிறது என்று நினைத்தேன்.

மத்தியான இடைவேளையில் ஊழியர்கள் சாப்பிடும் அறையில், குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்து மேஜை எங்களுக்கு. அவள் வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவருவாள். பையிலிருந்து முதல் கடலையை அவள் உரித்துத் தின்றபிறகுதான் நான் கை வைப்பேன். அவள் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். மாதிரிக் கேள்விப் புத்தகம் அவள் கையில் இருக்கும். கேள்வியை வாசிப்பாள், நான் பதில் சொல்வேன், அவள் பின்பக்கம் புரட்டிச் சரியா தப்பா என்பாள். பாருங்கள், புத்தகம் அவள் கையில்தான் இருந்தது.

புரட்சிப் போர், அரசியல் சட்டம், ரயில்பாதை, பொருளாதாரப் பெருமந்தம் எல்லாம் எனக்குச் சுமாராக வந்தன. உள்நாட்டுப் போர் வந்ததும் தடுக்கிற்று. தென்மாநிலங்கள் ஏன் பிரிந்தன என்று கேட்டாள். இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். இறக்குமதி வரி, மாநில உரிமை. எங்கள் பள்ளியில் வரலாறு எடுத்தவர் கோச் மக்னீலி. கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்த நேரம் போக மிச்ச நேரத்தில் எங்களுக்கு வரலாறும் கொடுத்தார். வரி, உரிமை, மானம் என்று மூன்று விரலை மடக்கிக் காட்டுவார். பரீட்சையில் மூன்றையும் எழுதினால் முழு மதிப்பெண்.

"தப்பு" என்றாள் எர்னஸ்டீன்.

அடுத்த கேள்வியும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. போருக்குப் பிந்தைய சீரமைப்புக் காலம் என்று ஒன்று உண்டு, அதில் நான் சொன்ன ஒன்றுகூடச் சரியில்லையாம். வடக்கிலிருந்து வந்த திருடர்கள் எங்களைச் சூறையாடிய காலம் என்றுதான் கோச் சொல்லியிருந்தார். எர்னஸ்டீன் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி திருப்பி அனுப்பிய க்ளெய்மைப் பார்க்கும்போது இருக்கும் முகம்தான் அப்போதும் இருந்தது. எனக்கு உள்ளே மணி அடித்தது. ராய்ஸ் சொன்ன குழி இதுதான் என்று முடிவு கட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை பக்கத்து மாவட்டத்து நூலகத்துக்குக் காரை ஓட்டினேன். எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனால் யாராவது பார்த்து அவளிடம் சொல்லிவிடுவார்களே. அங்கே அதே புத்தகம் இருந்தது. பின்பக்கம் புரட்டினேன். அவள் சொன்ன பதில்கள்தான் ஒன்றுவிடாமல் இருந்தன. எர்னஸ்டீன் என்னை ஏமாற்றவில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. புத்தகத்தின் முன்பக்கத்தைத் திருப்பி எங்கே அச்சிட்டது என்று பார்த்தேன். நியூ ஜெர்சி. அப்படியானால் சரி, வடக்கத்தியான் கைவரிசை என்று கொஞ்சம் ஆறுதல்பட்டேன்.

திங்களன்று எர்னஸ்டீனிடம் அதைச் சொல்லியும் விட்டேன், நூலகத்துக்குப் போன கதையை மட்டும் விட்டுவிட்டு. அவள் கடலைத் தோலைக் குப்பையில் தட்டினாள்.

"சரி, நியூ ஜெர்சிக்காரனை நம்ப வேணாம். மிசிசிப்பிக்காரனை நம்புவியா? நாம ஏன் பிரியறோம்னு நம்ம மாநிலமே ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தொண்ணுல ஒரு அறிக்கை விட்டுது. ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் உன் ஆளுங்க. போய்ப் படிச்சிட்டு வா, அப்புறம் சண்டை போடலாம்."

கோர்ட்டுக் கட்டிடத்துச் சட்ட நூலகத்தில் அது இருந்தது. பழைய தோல் அட்டை, எங்கள் மாநிலத்திலேயே அச்சிட்டது. எங்கள் நிலைப்பாடு முழுக்க அடிமை முறையோடு பிணைந்தது, உலகிலேயே பெரிய பொருள்வளம் அதுதான் என்ற கருத்தை இரண்டாவது வாக்கியத்திலேயே போட்டு உடைத்திருந்தார்கள். இறக்குமதி வரியைத் தேடினேன். மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடினேன். வரி என்ற பேச்சே இல்லை. எழுதியவர்கள் எதையும் மறைக்கவில்லை, பெருமையாகவே சொல்லியிருந்தார்கள். அவர்கள் இத்தனை கூச்சமில்லாமல் சொன்னதைக் கோச் மக்னீலி எதற்காக மூன்று விரலுக்குள் மடக்கி மறைத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது கன்னம் சுட்டது. என்னை யாரோ முட்டாளாக்கியிருக்கிறார்கள், அது எர்னஸ்டீன் இல்லை.

ஆனால் சந்தேகம் பிடித்தவள் அவ்வளவு சீக்கிரம் ஒருத்தியை விட்டுவிடுவாளா? அவள் சொல்லித் தருவது உண்மையாகவே இருக்கட்டும், ஏன் சொல்லித் தருகிறாள் என்ற கேள்வி அப்படியே நின்றது. சொல்லப்போனால் இன்னும் பெரிதாகிவிட்டது. பொய்யைச் சொல்லித் தந்திருந்தாலாவது காரணம் புரிந்திருக்கும்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டுக்கு வந்திருந்தோம். எர்னஸ்டீன் ஒரு கேள்வியை வாசிக்க ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்தினாள், பிறகு வாசித்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதை ஒட்டித் தென்மாநிலங்களில் ஏராளமான தனியார் பள்ளிகள் திடீரென்று தொடங்கப்பட்டதற்கு முக்கியக் காரணம் என்ன? நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். மத எழுச்சி என்றேன் நான்.

அவள் பின்பக்கம் புரட்டவில்லை. புத்தகத்தையே மூடினாள்.

"நீ அகாடமியில படிச்சவதானே?"

ஆமாம் என்றேன். ஊருக்கே தெரிந்த விஷயம். நான் முதல் வகுப்பில் பாதிவரை அரசுப் பள்ளியில் இருந்தேன். அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பள்ளிக்கூடத்தைச் சூடாக வைக்கும் பாய்லர் வெடித்துவிட்டது. குழந்தைகள் குளிரில் விறைத்துப்போவார்கள் என்று எங்கள் பாப்டிஸ்ட் சர்ச்சின் நிலவறையில் அப்பாவும் மற்றவர்களும் சேர்ந்து அவசரமாக ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதுதான் பிறகு அகாடமி ஆயிற்று. இதை எர்னஸ்டீனிடம் அப்படியே சொன்னேன். எனக்கு வேறு கதை தெரியாது.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், முதன்முறையாக, அவளுக்கும் ஒரு சந்தேகம் இருப்பது தெரிந்தது. நான் நடிக்கிறேனா என்று பார்க்கிறாள்.

"அந்த ஜனவரி மாசம்தான், கறுப்புப் பிள்ளைங்களும் வெள்ளைப் பிள்ளைங்களும் ஒண்ணாப் படிக்கணும்னு கோர்ட்டு உத்தரவு போட்டு, எங்களை பஸ்ல ஏத்தி அந்த ஸ்கூலுக்குள்ள விட்டாங்க" என்றாள். "எனக்கு ஏழு வயசு. கோட் மாட்டற கொக்கிக்கு மேல எல்லாம் பேரு ஒட்டியிருந்துச்சு. பேரு இருந்துச்சு, பிள்ளைங்கதான் இல்ல. பாய்லர் நல்லாத்தான் ஓடுச்சு, டார்லா. வேர்த்துக் கொட்டி நான் ஸ்வெட்டரைக் கழட்டி வெச்சேன்."

நான் எழுந்துவிட்டேன். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் மனதைக் கலைக்கிறாள், இதற்குத்தான் இத்தனை நாள் கடலை கொடுத்தாள் என்று தோன்றிற்று. அவளிடம் அதைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. அறையில் இருந்த நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சாப்பாட்டுப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வேலை முடிந்ததும் நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. அம்மா சமையலறை மேஜையில் பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கிண்ணத்தைத் தள்ளினாள். கொஞ்ச நேரம் உரித்தேன். பிறகு, நான் சின்னவளாக இருந்தபோது பழைய பள்ளியில் அந்தப் பாய்லர் எப்படி வெடித்தது, யாருக்காவது அடிபட்டதா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"எந்தப் பாய்லர்?" என்றாள் அம்மா.

நான் விளக்கினேன். அவள் கை நின்றது. நிஜமாகவே யோசித்தாள். அவளுக்கு ஞாபகமே இல்லை. அப்புறம் அவள் முகத்தில் ஏதோ தட்டுப்பட, லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"ஓ, அதுவா. உங்கிட்ட ஏதாவது சொல்லணுமேன்னு அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. நீ உன் டீச்சரைக் கேட்டு அழுதுட்டே இருந்தே. அதைப் போயா இன்னும் நினைச்சிட்டிருக்கே?"

நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக நான் சுமந்துகொண்டு திரிந்த ஒன்றை, சொன்னவளே மறந்துவிட்டாள். எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது, அவள் உரித்துக்கொண்டிருந்த பீன்ஸ்மேல் கோபம் வந்தது. யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று ஊரில் எல்லாரையும் நான் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். அம்மாவை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிக்கவேண்டி வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மிச்சமிருந்த பீன்ஸை உரித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை என் சாப்பாட்டுப் பெட்டி கழுவித் துடைத்து என் மேஜைமேல் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை, எனக்கு அது வராது. மத்தியானம் போய் அதே மேஜையில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வாசி என்றேன். அவள் வாசித்தாள். அந்த வாரம் முழுவதும் நான் ஒரு பதில்கூடக் கோச் மக்னீலியிடமிருந்து சொல்லவில்லை.

பரீட்சை அன்று பையையும் போனையும் வாங்கிவைத்துவிட்டு, சட்டைக் கையை மடக்கிக் காட்டச் சொன்னார்கள். என் மூக்குக்கண்ணாடியைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் மேற்பார்வைப் பெண். அவளை எனக்குப் பிடித்துப்போனது. பிரிவினைக்குக் காரணம் கேட்டிருந்தார்கள். அச்சிட்டு வைத்திருந்த எங்கள் ஆட்களின் வார்த்தைகளை நினைத்துக்கொண்டு சரியான விடையைத் தொட்டேன். தனியார் பள்ளிக் கேள்விக்காகக் கடைசிவரை காத்திருந்தேன். அது வரவே இல்லை. கடைசிப் பொத்தானை அழுத்தியதும் திரையில் முடிவு வந்தது. தேறியிருந்தேன்.

அடுத்த நாள் காரிடாரில் நிர்வாகி கேட்லின் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆள் எடுப்பதெல்லாம் அவர்தான். அகாடமியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர், என் தோளைத் தட்டும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்லவேளை பாஸ் பண்ணிட்டே. உள்ள இருந்து எடுக்கணும்னா பட்டம் வாங்கின ரெண்டு பேராவது இருக்கணும்னு ஜாக்சன்ல விதி. எர்னஸ்டீன் ஒருத்தி மட்டும்னா நான் வெளியாளைத்தான் தேடியிருப்பேன். இப்ப கவலை இல்ல. இன்டர்வியூ சும்மா ஒரு சடங்கு. நாம எல்லாம் ஒரே ஸ்கூலு."

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. நாற்காலி கிடைக்கப்போகிறது என்பதால் இல்லை, காரணம் கிடைத்துவிட்டது என்பதால். எர்னஸ்டீனுக்கு ஒரு ஜோடி தேவைப்பட்டிருக்கிறது. அதற்குத்தான் அத்தனை கடலையும். எனக்கு அப்போதே தெரியும் என்று ராய்ஸிடம் சொல்லலாம். அவள் மேஜைக்குப் போய் நின்று, கேட்லின் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மறைத்திருக்கலாம். ஆனால் அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசை. முகம் எங்கும் போகவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எனக்குத்தான் குடுப்பான்னும் தெரியுமா?"

"அதுவும் தெரியும். ஒருத்தியா நின்னா என்னை வாசல்லயே நிறுத்திடுவான். ரெண்டு பேருன்னா ஜாக்சன்காரங்க முன்னாடி என்னையும் உள்ள கூப்பிட்டுத்தான் ஆகணும். உள்ள போயிட்டா எனக்குப் பேசத் தெரியும். அதுக்கு எனக்கு ஒரு ஆள் தேவை. நீ பக்கத்துல இருந்தே."

இதைவிடப் பச்சையாக ஒருத்தி சொல்ல முடியாது. என் சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி. ஏனோ அதில் எனக்கு ருசியே இல்லை.

இன்டர்வியூவில் ஜாக்சனிலிருந்து வந்த ஒரு நரைத்த அம்மாள் கேள்வி கேட்டாள். கேட்லின் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் எர்னஸ்டீன் போய் வந்திருந்தாள், எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் உள்ளே இருந்தாள். அந்த அம்மாள் என் காகிதங்களைத் தள்ளி வைத்துவிட்டு, இந்தப் பிரிவில் ஒரு க்ளெய்ம் யாராலும் அவிழ்க்க முடியாதபடி சிக்கிக்கொண்டால் எல்லாரும் யாரிடம் போவார்கள் என்று கேட்டாள். கேட்லின் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். என்னிடம்தான் என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அது ஒரு சின்னப் பொய். யாருக்கும் அடிபடாத, நாளைக்கு நானே மறந்துவிடக்கூடிய பொய். இதைவிட அழகான பொய்களைச் சொல்லி என்னை வளர்த்திருக்கிறார்கள். அந்த நாற்காலி எனக்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

"எர்னஸ்டீன் கிட்ட" என்றேன். "நானும் அவ கிட்டத்தான் போவேன். இந்தப் பரீட்சைக்குக்கூட அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா."

கேட்லின் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி என்னை அனுப்பிவிட்டாள்.

எர்னஸ்டீனுக்குத்தான் கிடைத்தது. ராய்ஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் வயிறு எரிந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் வில்மாவின் அறைக்கு மாறிய அன்று கதவைத் தட்டி உள்ளே போனேன். வாழ்த்துச் சொல்லத்தான் போனேன், ஆனால் வாயில் வந்தது வேறு. நான் இன்டர்வியூவில் அவள் பெயரைச் சொல்வேன் என்று அவள் முன்னமே கணக்குப் போட்டுத்தான் எல்லாம் செய்தாளா என்று கேட்டேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"இல்ல. நீ என்னைக் கவுத்துடுவேன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். பத்தொன்பது வருஷமா உன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், டார்லா. ஒரு நாளும் உன்னை நம்பினதில்ல."

கடுமையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோல்தான் சொன்னாள். சந்தேகப்படுவது என் ஒருத்தியின் வேலை என்று நான் இத்தனை காலம் இருந்திருக்கிறேன். மறுத்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். அவள் என்னை நம்பியிருக்க வேண்டிய ஒரு நாளைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அது வலித்தது.

அவள் ஒரு கட்டு க்ளெய்மை என் பக்கம் தள்ளி, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றாள். எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன்.